4 மீட்டர் கலங்கல் ஓட்டத் தொட்டி: தொட்டியை வாங்கலாம், டிரம்மையும் பம்பையும் மாற்றிக் கேளுங்கள்

சேலம் இரும்பாலை ரோட்டுப் பக்கம் உள்ள பட்டறை ஒன்று ஆர்டரின் பேரில் செய்து தரும் 4 மீட்டர் அக்ரிலிக் ஓட்டத் தொட்டியின் மதிப்புரை இது. மணலும் வண்டலும் கலந்து கனத்துப்போன தண்ணீர் கடலடிச் சரிவில் இறங்கி ஓடுவதையும், தரையை அரிப்பதையும், சுமந்து வந்ததைப் படிய விடுவதையும் ஆய்வகத்துக்குள்ளேயே நடத்திப் பார்ப்பதற்கான சாதனம். டர்பிடிட்டி கரண்ட், அதாவது கலங்கல் ஓட்டம், என்று புவியியல் வகுப்பில் ஒரு படம் போட்டு விளக்கிவிட்டுக் கடந்துபோகும் விஷயத்தை மாணவர்கள் கண்ணெதிரே பார்க்கலாம். தொட்டி வேலை முதல் தரம். ஆனால் செட்டாகக் கூடவே கொடுக்கும் கலக்கும் டிரம்மும் பம்பும் அந்தத் தரத்துக்குக் கிட்டவே வரவில்லை. இந்த வகைச் சோதனையில், கலவை தண்ணீருக்குள் நுழையும் நொடிவரை ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே கோட்டை விட்டால் மற்ற எல்லா வேலைப்பாடும் வீண்.

கடல் இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் மாவட்டத்திலேயே இருக்கும் மேட்டூர் போன்ற அணைகளிலும் இதே இயற்பியல்தான்: வெள்ளக் காலத்துக் கலங்கல் தண்ணீர் தெளிந்த நீருக்கு அடியில் புகுந்து, பழைய ஆற்றுப் பள்ளத்தின் வழியே நகரும். கடலில் இதன் வேகம் அசுரத்தனமானது. 1929 நவம்பர் 18 அன்று கனடாவை ஒட்டிய கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் 7.2 அளவில் நிலம் நடுங்கியபின், கடலடியில் கிடந்த 12 தந்திக் கேபிள்கள் அறுந்தன. சரிவின் கீழ்ப்பக்கத்துக் கேபிள்கள் மேலிருந்து கீழாக வரிசையாக அறுந்த நேரங்களை வைத்துத்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் 1952-ல் அது ஒரு கலங்கல் ஓட்டம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 2006 டிசம்பரில் தைவானின் தெற்கே நடந்ததும் இதே வகை. ஒன்பது கேபிள்கள் போயின. 2020 ஜனவரியில் காங்கோ ஆற்று முகத்துவாரத்திலிருந்து இறங்கிய ஓட்டம் 1,100 கிலோமீட்டருக்கு மேல் கடலடியில் பயணம் செய்தது. அத்தனை பெரியதை நேரில் அளப்பது அரிது என்பதால்தான் தொட்டிச் சோதனைகள் வந்தன. நெதர்லாந்தின் புவியியலாளர் பிலிப் கூனென் 1930-களிலேயே தொட்டியில் கலங்கல் நீரை ஓட விட்டார். 1950-ல் மிக்லியோரினியுடன் சேர்ந்து, அடியில் பருமணலும் மேலே நுண்மணலுமாகப் படியும் அடுக்குகளுக்கு இந்த ஓட்டமே காரணம் என்று எழுதினார்.

இனி தொட்டி. உள் அகலம் 15 செ.மீ, உயரம் 60 செ.மீ, பக்கச் சுவர் 12 எம்எம் அக்ரிலிக். முதல் 2 மீட்டரில் சரிவுப் பலகை, 0 முதல் 10 டிகிரிவரை திருகி வைக்கலாம். அடுத்த 2 மீட்டர் சமதளம். கடைசியில் தரைக்குக் கீழே இறங்கும் 40 செ.மீ ஆழச் சம்ப். சட்டம் 40 எம்எம் சதுர ஸ்டெயின்லெஸ் குழாய். நிரப்பினால் தண்ணீர் மட்டும் 300 கிலோவுக்கு மேல் வரும். மொசைக் தரையில் கால்களுக்கு அடியில் தகடு வைத்தே நிறுத்த வேண்டும்.

ஒட்டு வேலை சுத்தம். ஓரங்களில் காற்றுக் குமிழி இல்லை, கசிவு இல்லை. சுவர் வெளியே பிதுங்காமல் இருக்க மேலே 50 செ.மீ-க்கு ஒரு குறுக்குக் கட்டை கொடுத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிரம்பிய தொட்டியில் நடுச்சுவர் உப்பினால் ஒட்டு பிரியும். ஸ்பிரிட், தின்னர் போட்டு அக்ரிலிக்கைத் துடைக்கவே கூடாது, ஒட்டிய ஓரங்களில் முடிக்கோடு போல விரிசல் ஓடும். மணலுக்குப் பதில் கலக்கும் குவார்ட்ஸ் மாவு ஒட்டியிருக்கும்போது துணியால் தேய்த்தாலும் கீறல்தான். முதலில் தண்ணீர் அடித்து மாவை முழுக்க இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு மெல்லிய துணி.

இந்தத் தொட்டியின் மிக நல்ல அம்சம் சமதளத்தில் வரிசையாக உட்காரும் பத்துத் தட்டுகள். ஒவ்வொன்றும் 20 செ.மீ நீளம், 3 செ.மீ ஆழம், 0.8 எம்எம் ஸ்டெயின்லெஸ் தகடு. சோதனை முடிந்து தண்ணீரை வடித்த பிறகு படிவோடு தட்டைத் தூக்கி மேசையில் வைத்து, மெல்லிய தகட்டால் நெடுக்காக வெட்டினால் அடுக்கின் குறுக்குமுகம் அப்படியே தெரிகிறது. சுவர் வழியாகப் பார்ப்பதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்: சுவரை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டரில் உராய்வால் ஓட்டம் தளர்ந்து, படிவு நடுப்பகுதியைவிட வேறு மாதிரி இருக்கும். இந்தத் தட்டு யோசனைக்காகவே பட்டறைக்காரர்களைப் பாராட்ட வேண்டும்.

தொட்டி இரண்டு 2 மீட்டர் துண்டுகளாக வருகிறது, நடுவில் ஃப்ளாஞ்சும் ரப்பர் கேஸ்கட்டும். டாடா ஏஸில் ஏற்றவும், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டுபோகவும் அது வசதி. சிக்கல் என்னவென்றால் இணைப்பு வருவது சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் அதே இடத்தில். போல்ட்டை ஒருபக்கம் கூடுதலாக இறுக்கினால் தரையில் ஒரு மில்லிமீட்டர் படி விழும். அந்தப் படிக்குப் பின்னால் சிறு சுழல் உருவாகி மாவைத் தோண்டும். சரிவு மாறும் இடத்தில் ஓட்டம் இயல்பாக என்ன செய்கிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தத் தொட்டியே. அங்கே போலியாக ஒரு பள்ளம் வந்தால் முடிவு கெட்டது. மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கி, இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்து, இடைவெளியில் சிலிக்கான் தடவிச் சமன் செய்யுங்கள்.

குறை தொடங்கும் இடம் டிரம். 100 லிட்டர், தட்டையான அடி, 45 செ.மீ விட்டம். வெளியேறும் குழாயை அடியிலிருந்து 8 செ.மீ மேலே வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்த 8 செ.மீ-க்குக் கீழே 12.7 லிட்டர் எப்போதும் வெளியே வராது. வராமல் நிற்பது வெறும் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. கனமான மாவு தேடிப்போய் உட்காரும் இடமே அதுதான். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிப் பால் தொட்டியில் படிவது போல, கலக்கிக்கொண்டிருக்கும்போதே அடியில் கெட்டிப்படுகிறது. எடை போட்டுக் கொட்டிய மாவில் எவ்வளவு ஓட்டத்துக்குள் போனது என்றே தெரியாமல் போகிறது.

கலக்கியும் சரியில்லை. மோட்டார் தண்டின் நுனியில் சிறு கப்பல் விசிறி, சுவரில் தடுப்புப் பட்டை எதுவும் இல்லை. தடுப்பு இல்லாத உருளையில் வேகமாகக் கலக்கினால் மொத்தத் தண்ணீரும் சேர்ந்து சுற்றும், நடுவில் குழி விழும், அதன் வழியே காற்று உள்ளே இழுபடும். கலவையில் 1% காற்று புகுந்தால் கன மீட்டருக்கு 10 கிலோ அடர்த்தி குறையும். கனஅளவில் 5% மாவு உள்ள கலவையில் மாவால் கிடைத்த கூடுதல் அடர்த்தியே 82 கிலோதான் என்னும்போது, எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. தொட்டிக்குள் நுழைந்ததும் அந்தக் குமிழிகள் மேலே கிளம்பும்போது மாவையும் தூக்கிக்கொண்டு போகும். ஓட்டத்தின் தலைக்கு, அதாவது முன்முனைக்கு, மேலே வெள்ளைப் புகை மாதிரி தூண்கள் எழும். அதைக் கொந்தளிப்பு என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு. அது காற்று.

கேட்டு வாங்க வேண்டியது: 60 டிகிரி கூம்படி டிரம், கூம்பின் நுனியிலேயே 2 இஞ்ச் பால் வால்வு. உள்சுவரில் நான்கு தடுப்புப் பட்டைகள், ஒவ்வொன்றும் 4 செ.மீ அகலம், பட்டைக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி, இல்லையென்றால் அந்த மூலையில் மாவு சேரும். 45 டிகிரி சாய்ந்த நான்கு இலைக் கலக்கி, விட்டம் 15 செ.மீ, அதாவது டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு, மாவைக் கீழ்நோக்கித் தள்ளும் திசையில். மோட்டாருக்கு கியரும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டியும் வேண்டும். அடியில் மாவு தங்காத குறைந்தபட்ச வேகத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் மறுபடி காற்று. சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: மேல்மட்டம், நடு, அடி ஆகிய மூன்று இடத்தில் குழாய் விட்டு அரை லிட்டர் அளவுக் குடுவையில் எடுத்து எடை போடுவது. மூன்றும் இரண்டு மூன்று கிராமுக்குள் நின்றால் நல்ல கலவை.

பம்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கூடவே தருவது வீட்டுக்குப் போடும் அரை ஹெச்பி மோனோபிளாக். குவார்ட்ஸ் மாவு அதன் சீலைத் தின்றுவிடும். தண்டு வழியே சொட்ட ஆரம்பித்தால் கதை முடிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிரம்மை உயரத்தில் வைத்து ஈர்ப்பு விசையிலேயே விடுங்கள். உயரம் முக்கியம். டிரம்மின் அடி தொட்டியின் நீர்மட்டத்துக்கு 30 செ.மீ மேலே மட்டும் இருந்தால், டிரம் காலியாகும் நேரத்தில் ஓட்டம் தொடக்கத்தில் இருந்ததில் 57% ஆகிவிடும். 80 செ.மீ மேலே வைத்தால் 75%. மிச்சத்தை வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து ஈடுகட்டலாம். இதற்காகத் தொட்டியின் கால் உயரத்தை 75 செ.மீ-க்குப் பதில் 50 ஆக வைத்துக் கேட்டால், 10 அடிக் கூரை உள்ள அறையில் டிரம்மும் மோட்டாரும் அடங்கும். குழாயை 3 இஞ்சாக உயர்த்திக் கேட்பது தவறு: நொடிக்கு 1.2 லிட்டர் ஓட்டத்தில் 2 இஞ்ச் குழாயில் வேகம் 60 செ.மீ, 3 இஞ்சில் 27 செ.மீ மட்டுமே. அந்த மந்த வேகத்தில் கிடைமட்டமான பகுதியில் மாவு படுத்துவிடும்.

நுழைவாயிலில் இன்னொரு கோளாறு. குழாயை எல்போ போட்டு நேரே சரிவின் தலையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். பீய்ச்சி விழும் தாரை மாவுத் தரையில் ஒரு குழி பறிக்கும். கடலடி அரிப்பு என்று மாணவர்கள் அதை அளந்து நோட்டில் எழுதுவார்கள். உண்மையில் அது குழாய் பறித்த குழி. 15 செ.மீ அகலம், 4 செ.மீ உயரம் கொண்ட பிளவாக விரியும் பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே ஓட்டைத் தகடு இரண்டை 5 செ.மீ இடைவெளியில் நிறுத்தினால் தாரை உடைந்து, நொடிக்கு 20 செ.மீ என்ற நிதானமான வேகத்தில் முழு அகலத்துக்கும் வெளியேறும். தேன்கூட்டுக் குழாய்க் கற்றை இன்னும் அழகாக வேலை செய்யும், ஆனால் அடைத்துக்கொள்ளும்.

நீர்மட்டத்தையும் அவர்கள் யோசிக்கவில்லை. தொட்டியின் மேற்பரப்பு 0.6 சதுர மீட்டர். நொடிக்கு 1.2 லிட்டர் உள்ளே வந்தால் மட்டம் நொடிக்கு 2 மில்லிமீட்டர் ஏறும். 50 செ.மீ-க்கு நிரப்பி ஆரம்பித்தால் 50 நொடியில் வழிந்து தரையெல்லாம் வெள்ளை. கொடுத்திருக்கும் 1 இஞ்ச் வழிவுக் குழாய் இதில் பாதியைக்கூட வெளியேற்றாது. கடைசிச் சுவரை முழு அகலத்துக்கும் வழிவாயாக வெட்டித் தரச் சொல்லுங்கள், 15 செ.மீ அகலத்தில் 1.2 லிட்டரும் போக 2.7 செ.மீ ஆழம் போதும். சம்பின் அடியில் 2 இஞ்ச் வால்வு ஒன்றும் கட்டாயம். அதை நொடிக்கு 1 லிட்டர் அளவில் திறந்து வைத்தால் வந்து சேரும் கனமான கலவை கீழே இறங்கிப் போய்விடும், மிச்சம் மேலே வழியும். இது இல்லாவிட்டால் 24 லிட்டர்ச் சம்ப் இருபது நொடிக்குள் நிரம்பி, ஓட்டம் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி, படிந்துகொண்டிருக்கும் மாவின் மேலேயே எதிர்த்திசையில் ஓடும். எதிர்த்திசை ரிப்பிள்கள் (அலைவரிகள்) தட்டில் தெரிந்தால் காரணம் இதுதான். நாலாபக்கமும் மேடு சூழ்ந்த கடற்படுகைகளில் இப்படித் திரும்பும் ஓட்டம் நிஜமாகவே உண்டு. அதைப் படிக்க விரும்பினால் வால்வை மூடி வைத்துத் தனிச் சோதனையாகச் செய்யலாம்.

எந்த மாவு? எம்-சாண்ட், ஆற்று மணல் இரண்டும் ஆகாது. 200 மைக்ரான் மணல் நொடிக்கு 2 செ.மீ-க்கு மேல் விழும். இந்தத் தொட்டியின் கொந்தளிப்பால் அதைத் தாங்க முடியாது, முதல் மீட்டரிலேயே குவிந்துவிடும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளில் மெஷ் கணக்கில், அதாவது சல்லடை எண்ணில், கிடைப்பது சரியானது: 200 மெஷ்ஷில் இறங்கி 325 மெஷ்ஷில் நிற்பது, அதாவது 45 முதல் 75 மைக்ரான். 60 மைக்ரான் குவார்ட்ஸ் 20 டிகிரித் தண்ணீரில் நொடிக்கு 3.2 மில்லிமீட்டர் விழும். ஓட்டம் அதைத் தூக்கிப் பிடிக்கும், தளர்ந்ததும் விடும். மூட்டையில் மெஷ் எண் போட்டிருக்கிறது என்று விட்டுவிடாமல் ஒரு கிலோவைச் சலித்துப் பாருங்கள், 325-க்குக் கீழே போகும் தூசு ஏராளமாக இருக்கும்.

சுண்ணாம்புக்கரட்டு வெள்ளைக்கல் (மேக்னசைட்) மாவும் பயன்படும். மேக்னசைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 3, ஆகவே அதே பருமனில் குவார்ட்ஸைவிட வேகமாக விழும். ஆனால் சுடாத மாவாக இருக்க வேண்டும்; சுட்டது தண்ணீரோடு வினைபுரியும். மரவள்ளி மாவு மலிவு, லேசு என்று சிலர் ஆசைப்படுவார்கள். அதன் துகள் 5 முதல் 35 மைக்ரான், விழுவதற்கே மணிக்கணக்கு, மறுநாள் புளித்து நாறும். குவார்ட்ஸும் வெள்ளை, பின்னணியும் வெள்ளை என்றால் அடுக்கே தெரியாது. கிரானைட் பாலிஷ் போடுபவர்கள் வாங்கும் கறுப்பு சிலிக்கான் கார்பைடு மாவில் 45 மைக்ரான் அளவை நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தால் போதும். அது 52 மைக்ரான் குவார்ட்ஸுக்குச் சமமாக விழும் என்பதால், கறுப்புக் கீற்று எங்கே நிற்கிறதோ அந்த மட்டத்தில் எந்தப் பருமன் படிந்தது என்று நேரே படிக்கலாம். பின்சுவருக்குக் கறுப்பு வினைல் ஒட்டுங்கள்.

நல்ல தொடக்கச் சோதனை ஒன்றின் அளவுகள்: 100 லிட்டர்க் கலவையில் கனஅளவில் 5% குவார்ட்ஸ், அதாவது 13.25 கிலோ மாவு, 95 லிட்டர் தண்ணீர். சரிவு 8 டிகிரி. தொட்டியில் நீர்மட்டம் 50 செ.மீ, நிரப்பிய பின் அரை மணி நேரம் அசையாமல் விட வேண்டும். வால்வின் திறப்பை முன்கூட்டியே வெறும் தண்ணீரில் குறித்து வையுங்கள். 10 லிட்டர் வாளி 8.3 நொடியில் நிரம்பினால் 1.2 லிட்டர் சரி. 60 நொடி ஓட விட்டு நிறுத்தினால் 72 லிட்டர் போயிருக்கும், மாவு 9.5 கிலோ. பிறகு இரண்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள், ஏனெனில் 10 மைக்ரான் தூசு 50 செ.மீ விழவே ஒன்றரை மணி நேரம் ஆகும். தண்ணீரை மேலிருந்து சைஃபன் போட்டு, 5 நிமிடத்துக்கு 1 செ.மீ வேகத்தில் இறக்குவது நல்லது. அவசரப்பட்டு அடி வால்வைத் திறந்தால் வடியும் தண்ணீரே படிவின் மேல்தோலைச் சீவிக்கொண்டு போகும்.

ஓட்டத்தின் தலை எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும் என்று முன்பே கணக்கிடலாம். ப்ரிட்டரும் லிண்டனும் 1980-ல் காட்டிய உறவு இதற்கு மிகவும் கைகொடுக்கும். கலவை தண்ணீரைவிட 8.25% கனம், அதை 9.81-ஆல் பெருக்கினால் 0.81. ஒரு மீட்டர் அகலத்துக்கான ஓட்டம் நொடிக்கு 0.008 கன மீட்டர். இரண்டையும் பெருக்கி, கனமூலம் எடுத்து, 1.5-ஆல் பெருக்கினால் நொடிக்கு 28 செ.மீ வரும். கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டக வீடியோ எடுத்து, சுவரில் ஒட்டிய 5 செ.மீ கட்டங்களை வைத்து அளந்து பாருங்கள். 28-ஐ ஒட்டி வந்தால் எல்லாம் ஒழுங்கு. 20 வந்தால், வேகம் கனமூலத்தில் மாறுவதால், உள்ளே போன கூடுதல் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். டிரம்மில் மாவு தங்கியிருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. மாற்றாத டிரம்மோடு ஓட்டினால் இந்தக் குறைவுதான் கண்ணில் படும். கேமராவைத் தொட்டியிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் கோணப் பிழை. சாதாரண எல்இடி பட்டி நொடிக்கு 100 முறை மினுங்கும், வீடியோவில் வரிவரியாக விழும். டிசி சப்ளையில் எரியும் விளக்கே வேண்டும்.

செறிவை அளக்க 3 எம்எம் குழாய்கள் நான்கைத் தரையிலிருந்து 1, 2, 4, 8 செ.மீ உயரத்தில் வாய் எதிரோட்டமாக நிறுத்தி, சைஃபனில் எடுத்து, உலர்த்தி எடை போடலாம். உறிஞ்சும் வேகம் ஓட்டத்தின் வேகத்தை ஒட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பருமணல் கணக்கில் பிழை வரும். கடைசியில் தட்டுகள், சரிவு, சம்ப், வெளியேறிய தண்ணீர், டிரம்மின் மிச்சம் எல்லாவற்றிலும் உள்ள மாவைக் கூட்டி, கொட்டிய எடையோடு ஒப்பிடாமல் எந்த முடிவையும் எழுத வேண்டாம்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே அளவுகள் பொருந்தாது. 30 டிகிரித் தண்ணீரின் பிசுக்கு 20 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 60 மைக்ரான் துகள் 3.2-க்குப் பதில் 4 மில்லிமீட்டர் வேகத்தில் விழும். அதே மாவு, அதே சரிவு, ஆனால் மலைமேல் படிவு இன்னும் தள்ளிப் போய்ப் படியும். வெப்பநிலையை எழுதாத அளவீட்டை ஒப்பிடவே முடியாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி டேங்கிலிருந்து டிரம்முக்குத் தண்ணீர் பிடிப்பது இன்னும் ஆபத்து. 40 டிகிரித் தண்ணீரின் அடர்த்தி 992.2, தொட்டியில் 30 டிகிரியில் நிற்பது 995.7. களிமண் வைத்து 0.2% நீர்த்த ஓட்டம் செய்தால் கலவை 995.5-க்குத்தான் வரும், அடியில் ஓடாமல் மேலே கிளம்பும். 5% கலவைக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை.

கடலடி விளைவுகளில் இந்தத் தொட்டி எதைக் காட்டும்? சரிவு முடியும் இடத்தில் வேகம் உடைந்து, அதற்குச் சற்றுத் தள்ளி மேடு எழுவது தெளிவாக வரும். அடியில் பருமன், மேலே நுண்மை என்ற அடுக்கு வரும். கலங்கல் ஓட்டப் படிவுக்கு அடியிலிருந்து மேலாக ஆர்னால்ட் பௌமா 1962-ல் வகுத்த ஐந்து பிரிவுகளும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, இங்கே படிவது ஒன்றிரண்டு செ.மீ கனம்தான். சரிவில் 3 செ.மீ தளர்ந்த மாவு பரப்பி, கலவையை 10%-க்கு உயர்த்தினால் அரிப்பு தொடங்கும். 6 எம்எம் கம்பியைத் தரையில் குறுக்கே வைத்தால், கேபிளுக்கு அடியில் மாவு எப்படி அரிபட்டுக் கம்பி அந்தரத்தில் தொங்குகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பாடத்துக்கு இதைவிடச் சிறந்த காட்சி இந்தத் தொட்டியில் இல்லை.

காட்டாதது: கால்வாய், அதன் இருகரை மேடு, விசிறிப் படிவு. 15 செ.மீ அகலத்தில் ஓட்டம் பக்கவாட்டில் விரிய இடமே கிடையாது. உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 2016-ல் கால்வாய் தானாக உருவாவதைத் தொட்டியில் காட்டியது, அதற்கு அகலமான தொட்டி தேவைப்பட்டது. அவர்கள் கையாண்ட முறை நமக்கும் பொருந்தும்: மணலின் பருமனைக் கடலிலிருந்து அப்படியே சுருக்க முயலாமல், தரையை இழுக்கும் விசைக்கும் துகளின் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பொருத்துவது. நூறில் ஒன்றாகச் சுருக்குகிறேன் என்று மணலைக் களிமண் அளவுக்குக் குறைத்தால் அது ஒட்டிக்கொண்டு வேறு பொருளாகவே நடந்துகொள்ளும்.

களிமண்ணிலும் சோதனை செய்யத்தான் வேண்டும். ஆழ்கடல் கனிம உருண்டைகளைச் சுரண்டும் இயந்திரத்தின் பின்னால் எழும் சேறு இதே வகை ஓட்டம். சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஓடி) 2021-ல் தன் ஊர்தியை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறது, பசிபிக்கில் நடந்த அளவீட்டில் கிளம்பிய சேற்றில் 92 முதல் 98% தரையிலிருந்து 2 மீட்டருக்குள்ளேயே நின்றது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண் வாங்கிச் செய்வதானால் போர்வெல் தண்ணீரைத் தவிருங்கள். கடினநீரின் கால்சியம் களிமண்ணைத் திரள வைக்கும், துகள் அளவு நாளுக்கு நாள் மாறும். காவிரித் தண்ணீர் பரவாயில்லை. திரளாமல் பார்க்க வேண்டிய சோதனைக்கு சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் சிறிது சேர்க்கலாம். கடல்நீரில் களிமண் திரள்வதைப் பார்க்க உப்பு சேர்க்கலாம். உப்பு போட்ட அன்றே நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் 304 ரக ஸ்டெயின்லெஸ் தட்டுகளில் புள்ளிப்புள்ளியாக அரிப்பு விழும்.

உலர்ந்த குவார்ட்ஸ் மாவைக் கொட்டும்போது என்-95 முகக்கவசம் இல்லாமல் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும், அது ஆறாது. மூட்டையைப் பிரிப்பதற்கு முன் தண்ணீரை டிரம்மில் ஊற்றி வைத்து, மாவை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்குங்கள். வெளியேறும் கலவையை வாஷ்பேசினில் விட்டால் குழாய் அடைக்கும். இரண்டு டிரம்மில் பிடித்துப் படிய வைத்தால் மாவை உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம், சலித்த பிறகு.

முழுச் செட்டுக்கு ரூ. 1.65 லட்சம், ஜிஎஸ்டி தனி, சேலத்துக்குள் இறக்கிப் பொருத்தித் தருகிறார்கள். பம்பு, தட்டை டிரம், எல்போ மூன்றையும் கழித்துவிட்டு, அந்தக் காசைக் கூம்படி டிரம்முக்கும் நுழைவுப் பெட்டிக்கும் மாற்றித் தரச் சொன்னால் மறுக்காமல் செய்கிறார்கள், வரைபடம் மட்டும் நாம் கொடுக்க வேண்டும். வழிவாய் வெட்டு, சம்ப் வால்வின் இடம், கால் உயரம் இவற்றை அக்ரிலிக் கட்டிங்குக்குப் போவதற்கு முன்பே எம்எம் கணக்கில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒட்டிய பிறகு 12 எம்எம் சுவரில் புதிதாகத் துளை போடச் சொன்னால், ஓரத்திலிருந்து விரிசல் ஓடும் அபாயத்துக்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை.